வினைதிறன் வரிசையை மாணவர்களே கண்டுபிடிக்க ஒரு சோதனை

எந்த உலோகம் அதிகம் வினைபுரியும், எது குறைவு என்ற பட்டியல்தான் வினைதிறன் வரிசை. அதைக் கரும்பலகையில் எழுதிப்போட்டு மனப்பாடம் செய்யச் சொல்ல வேண்டாம். வினைதிறன் மிக்க உலோகம், தன்னைவிடக் குறைந்த உலோகத்தை அதன் உப்புக் கரைசலிலிருந்து வெளியேற்றிப் படியவைக்கும். நான்கு உலோகங்களும் நான்கு கரைசல்களும் இருந்தால் ஒரே பாடவேளையில் வரிசை தானாக வந்துவிடும்.

1. மெக்னீசியம், துத்தநாகம், இரும்பு, தாமிரம் ஆகியவற்றின் சல்பேட் படிகங்களை வாங்குங்கள். 100 மி.லி. நீரில் மயில்துத்தம் (தாமிர சல்பேட்) 2.5 கிராம், துத்தநாக சல்பேட் 2.9, அன்னபேதி (இரும்பு சல்பேட்) 2.8, எப்சம் உப்பு (மெக்னீசியம் சல்பேட்) 2.5 கிராம் என்று தனித்தனியாகக் கரைத்தால் எல்லாம் ஏறத்தாழ ஒரே செறிவு, 0.1 மோலார். அன்னபேதிக் கரைசலை அன்று காலையில்தான் கரைக்க வேண்டும். முதல் நாளே கரைத்தால் காற்றுபட்டுப் பழுப்பாகிவிடும்.

2. உலோகத் துண்டுகளை உப்புத்தாளால் பளபளக்கும்வரை தேயுங்கள். பாதி வகுப்புகளில் சோதனை தோற்பது இங்கேதான். மெக்னீசிய நாடாவின் மேல் ஆக்சைடு இருக்கும், சுருள் கம்பித் தாமிரத்தில் வார்னிஷ் பூச்சு இருக்கும், ஆணியில் எண்ணெய் இருக்கும். வெள்ளியாக மின்னும் ஆணி வேண்டாம். அது துத்தநாகம் பூசியது. வினைபுரிவது இரும்பல்ல, பூச்சு. எவர்சில்வர் கம்பியும் உதவாது.

3. ஒவ்வொரு உலோகத்தையும் தன்னுடையதல்லாத மூன்று கரைசல்களில் போடுங்கள். மொத்தம் 12 சோதனைக்குழாய்கள், ஒவ்வொன்றிலும் 3 மி.லி. போதும். போடுவதற்கு முன்பே மாணவர்கள் தங்கள் கணிப்பை எழுதட்டும்.

4. பத்து, பதினைந்து நிமிடம் காத்திருந்து, உலோகத்தின் மேல் படிவு வந்த இடங்களில் மட்டும் குறியிடச் சொல்லுங்கள். குமிழியைப் பார்த்துக் குறியிடக் கூடாது. துத்தநாக சல்பேட்டில் போட்ட மெக்னீசியம் குமிழிவிடும். கரைசல் சற்றே அமிலத்தன்மை உடையது என்பதால் வரும் ஹைட்ரஜன் அது. இன்னொரு குழப்பம்: மயில்துத்தக் கரைசலில் துத்தநாகம் கறுப்பாகும். "தாமிரம் செம்பழுப்பு அல்லவா?" என்று கேட்பார்கள். மிக நுண்ணிய துகள்களாகப் படியும் தாமிரம் கறுப்பாகத்தான் தெரியும். அன்னபேதிக் கரைசலில் துத்தநாகத்தின் மாற்றம் மங்கலானது. புதிதாகத் தேய்த்த துண்டைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள்.

5. குறிகளை எண்ணுங்கள். மெக்னீசியத்துக்கு 3, துத்தநாகத்துக்கு 2, இரும்புக்கு 1, தாமிரத்துக்கு 0. இதுதான் வரிசை.

மீந்த மயில்துத்தக் கரைசலைத் தொட்டியில் ஊற்றாதீர்கள். பழைய இரும்பாணிகளைப் போட்டு, நீலம் மறையும்வரை வைத்திருங்கள். பாதுகாப்புக் கண்ணாடி அணிவது எல்லோருக்கும் கட்டாயம்.

பின்சேர்க்கை: அலுமினியம் துத்தநாகத்துக்கு மேலே இருந்தும் மயில்துத்தத்தில் ஏன் அசையாமல் கிடக்கிறது என்று பலர் கேட்டிருந்தார்கள். அதன் ஆக்சைடு படலம் தேய்த்த உடனேயே மீண்டும் உருவாகிவிடுகிறது. 5 மி.லி. கரைசலில் 2 செ.மீ. சதுர அலுமினியத் தாளைப் போட்டு, அசைவில்லை என்பதை வகுப்புக்குக் காட்டிவிட்டு, ஒரு சிட்டிகைச் சமையல் உப்பைச் சேருங்கள். குளோரைடு அயனிகள் படலத்தைத் துளைக்கும். தாள் அரிக்கப்பட்டு, குழாய் சூடாகி, செம்பழுப்புத் தாமிரம் உதிரும். ஆகவே குழாயைக் கையில் பிடிக்காமல் தாங்கியில் வையுங்கள்.