ஜெர்மனியில் வங்கிக் கணக்கு: புதிதாக வருபவர் தொடங்குவதும் நடத்துவதும்

ஜெர்மனிக்குப் படிக்கவோ வேலைக்கோ வருபவர் வங்கிக் கணக்கு இல்லாமல் ஒரு மாதத்தைக்கூட ஓட்டுவது கடினம். சம்பளம், வீட்டு வாடகை, மருத்துவக் காப்பீடு, கைபேசி, மின்சாரம், மாதப் பயணச்சீட்டு என எல்லாமே 'ஐபான்' என்னும் சர்வதேச வங்கிக் கணக்கு எண்ணைக் கேட்கின்றன. ஆனால் கணக்கைத் திறக்க முகவரி வேண்டும். முகவரியைப் பதிவு செய்ய வீடு வேண்டும். வீடு கொடுப்பவரோ பணத்துக்கு என்ன வழி என்று கேட்கிறார். இந்தச் சுற்றுக்குள் எந்த இடத்தில் நுழைவது என்பதை ஊரிலிருந்து புறப்படும் முன்பே தெரிந்துகொண்டால் தொடக்க வாரங்களின் அலைச்சல் பெருமளவு குறையும்.

மாணவர்கள் முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். விசாவுக்காகத் திறக்கும் 'ஷ்பெர்கோன்டோ' என்னும் முடக்கக் கணக்கு வேறு, அன்றாடச் செலவுக்கான 'ஷீரோகோன்டோ' என்னும் நடப்புக் கணக்கு வேறு. முடக்கக் கணக்கில் ஓராண்டுச் செலவுக்கான பணத்தை முன்கூட்டியே போட்டுக் காட்ட வேண்டும். 2024 செப்டம்பர் முதல் இத்தொகை 11,904 யூரோ, அதாவது மாதத்துக்கு 992 யூரோ. இது அவ்வப்போது மாறுவதால், விண்ணப்பிக்கும் முன் தூதரகத்தின் பக்கத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். அந்தப் பணம் மாதாமாதம் வெளிவர வேண்டுமானால், நீங்கள் ஜெர்மனிக்கு வந்து, உங்கள் பெயரில் ஒரு நடப்புக் கணக்கைத் திறந்து, அதன் ஐபானை முடக்கக் கணக்கை நடத்தும் நிறுவனத்துக்குத் தெரிவித்தாக வேண்டும். ஆகவே, 'பணம் ஜெர்மனியில் இருக்கிறது' என்ற நம்பிக்கையில் வெறுங்கையோடு வந்துவிடக் கூடாது. வீட்டு முன்பணம் சட்டப்படி மூன்று மாத அடிப்படை வாடகை வரை இருக்கலாம்; மாதம் 992 யூரோ வாங்குபவரால் அதை ஒரேயடியாகக் கட்ட இயலாது. அதை மாதம் ஒன்றாக மூன்று தவணைகளில் செலுத்தும் உரிமை வாடகைதாரருக்கு உண்டு என்பது பலருக்குத் தெரிவதில்லை. முதல் வாரங்களுக்கான பணத்தைப் பயண அட்டையிலோ, வெளிநாட்டுப் பயன்பாடு இயக்கப்பட்ட இந்திய டெபிட் அட்டையிலோ தனியாக வைத்திருங்கள்.

பெயர்

தமிழர்களுக்கு இங்கே வரும் சிக்கல்களில் பெரும்பாலானவை பெயரில்தான் தொடங்குகின்றன என்பது என் கருத்து. நம்மிடையே குடும்பப் பெயர் என்று ஒன்று பெரும்பாலும் இல்லை. தந்தையின் பெயரோ அதன் முதலெழுத்தோதான் உண்டு. கடவுச்சீட்டில் ஒருவருக்கு முழுப்பெயரும் முதற்பெயர்க் கட்டத்தில் இருக்கும், குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருக்கும்; இன்னொருவருக்குத் தந்தை பெயர் குடும்பப் பெயராகியிருக்கும்; மூன்றாமவருக்குச் சான்றிதழ்களில் 'எம். செல்வி' என்றும் கடவுச்சீட்டில் 'செல்வி முருகேசன்' என்றும் இருக்கும். ஜெர்மன் படிவங்களோ இரண்டு கட்டங்களும் நிரப்பப்பட வேண்டும் என்று எதிர்பார்ப்பவை. குடும்பப் பெயர் இல்லாதவருக்கு ஓர் அலுவலகம் முழுப்பெயரையும் குடும்பப் பெயராக எழுதும், இன்னொன்று பெயரை இரண்டாக வெட்டும். இவ்வாறு பல்கலைக்கழகத்தில் ஒரு வடிவமும் வங்கியில் வேறொரு வடிவமும் பதிந்துவிட்டால், பிறகு திருத்துவதற்குக் கடிதம் கடிதமாக எழுத வேண்டியிருக்கும்.

இது முன்பைவிட இப்போது கூடுதல் முக்கியத்துவம் பெற்றுள்ளது. 2025 அக்டோபர் 9 முதல் யூரோ மண்டல வங்கிகள், பணம் அனுப்பப்படும் முன்பு ஐபானுக்கு உரியவரின் பெயரும் அனுப்புபவர் எழுதிய பெயரும் பொருந்துகின்றனவா என்று பார்த்துச் சொல்லக் கடமைப்பட்டுள்ளன. பெயர் பொருந்தவில்லை என்ற எச்சரிக்கை வந்தால் உங்களுக்குச் சம்பளம் போடும் அலுவலகமோ முன்பணத்தைத் திருப்பித் தரும் வீட்டுக்காரரோ தயங்கி நிறுத்திவிடக்கூடும். ஆகவே, நேரம் இருப்பவர்கள் ஊரிலேயே கடவுச்சீட்டில் குடும்பப் பெயர்க் கட்டத்தை நிரப்பிப் புதிய கடவுச்சீட்டு வாங்கிக்கொண்டு, அதன் பிறகே விசாவுக்கு விண்ணப்பிப்பது நல்லது. அதற்கு வழியில்லாதவர்கள், நகராட்சியின் பதிவுச் சான்றில் பெயர் எவ்வாறு அச்சாகிறதோ அதை எழுத்துக்கு எழுத்து அப்படியே வங்கியிலும் வேலையிடத்திலும் காப்பீட்டிலும் கொடுக்க வேண்டும்.

முகவரிப் பதிவும் தபால் பெட்டியும்

குடியேறிய இரண்டு வாரங்களுக்குள் நகராட்சியில் முகவரியைப் பதிவு செய்ய வேண்டும் என்பது சட்டம். இதையே 'அன்மெல்டுங்' என்கிறார்கள். கடவுச்சீட்டுடன், நீங்கள் அங்கே குடியிருப்பதை உறுதிப்படுத்தி வீட்டுக்காரர் கையொப்பமிட்ட படிவமும் தேவை. வாடகை ஒப்பந்தம் மட்டும் இருந்தால் போதாது. எனவே வீடு பேசும்போதே 'இந்தப் படிவம் தருவீர்களா' என்று கேட்டுவிடுங்கள். தர மறுக்கும் தற்காலிக வீடுகள் உண்டு. பெர்லின் போன்ற பெருநகரங்களில் நேரம் கிடைப்பது கடினம் என்பதால், வீட்டுக்கு அருகிலுள்ள அலுவலகத்தோடு நின்றுவிடாமல் நகரின் எந்த அலுவலகத்தில் இடம் இருந்தாலும் முன்பதிவு செய்யுங்கள். பதிவு முடிந்த சில வாரங்களில் 11 இலக்க வரி அடையாள எண் தபாலில் வரும். வங்கியும் வேலை தருபவரும் அதைக் கேட்பார்கள்.

தபாலைப் பற்றிச் சற்று அழுத்தமாகவே சொல்ல வேண்டும். ஜெர்மனியின் அடுக்குமாடி வீடுகளில் பெரும்பாலும் கதவெண் கிடையாது. கடிதம் வந்து சேர்வது தபால் பெட்டியின் மேல் ஒட்டியுள்ள பெயரைப் பார்த்துத்தான். வங்கி அட்டை ஒரு கடிதத்திலும், அதன் ரகசிய எண் சில நாள் கழித்து வேறொரு கடிதத்திலும், இணையவழிச் சேவைக்கான தொடக்க எண் மூன்றாவது கடிதத்திலும் வரும். பெட்டியில் உங்கள் பெயர் இல்லையென்றால் மூன்றும் அனுப்பியவருக்கே திரும்பிவிடும். பகிர்ந்து வாழும் வீட்டில் ஓர் அறைக்குக் குடிபோகிறவர்கள், பயணப் பையை இறக்கி வைத்தவுடனே, ஒரு சிறு தாளில் குடும்பப் பெயரை அச்செழுத்தில் எழுதி, மழையில் கரையாதபடி ஒட்டுநாடாவால் மூடி, தபால் பெட்டியின் மேல் ஒட்டிவிட வேண்டும். தற்காலிகமாக நண்பர் வீட்டில் தங்குபவர்கள், முகவரியில் 'பெய்' என்ற சொல்லுக்குப் பின் அந்த நண்பரின் பெயரைச் சேர்த்துக் கொடுத்தால் கடிதம் வந்துவிடும்.

எந்த வங்கி?

ஊருக்கு ஊர் இருக்கும் ஷ்பார்காஸ்ஸ, ஃபோல்க்ஸ்பாங்க் ஆகியவை வட்டார வங்கிகள். கிளையில் நேரில் பேசலாம், தானியங்கி இயந்திரங்கள் அதிகம், மாதக் கட்டணம் பெரும்பாலும் உண்டு. டாய்ச்சே பாங்க், கோமெர்ட்ஸ்பாங்க் போன்றவை நாடு முழுவதும் கிளை வைத்திருப்பவை. என்26, டிகேபி, ஐஎன்ஜி போன்றவை கிளையே இல்லாமல் இணையத்தில் இயங்குபவை. பணத்தின் பாதுகாப்பைப் பொறுத்தவரை ஒன்றுக்கொன்று பயப்படும்படியான வேறுபாடு இல்லை; ஒரு வங்கியில் ஒருவருக்கு 100,000 யூரோ வரையிலான வைப்புத்தொகைக்குச் சட்டப்படியான காப்பு உண்டு. எனவே மாதக் கட்டணம் எவ்வளவு, எந்த இயந்திரத்தில் கட்டணமின்றிப் பணம் எடுக்கலாம், 'ஷீரோகார்ட்' என்னும் உள்நாட்டு அட்டை உண்டா என்பவற்றை ஒப்பிட்டு முடிவு செய்யுங்கள். இணைய வங்கிகள் பல விசா அல்லது மாஸ்டர்கார்ட் டெபிட் அட்டையை மட்டுமே தருகின்றன. சிறு கடைகளும் சில அலுவலகங்களும் ஷீரோகார்டை மட்டும் ஏற்பதால் கையில் கொஞ்சம் ரொக்கம் எப்போதும் இருக்கட்டும்.

இணைய வங்கிகள் உங்கள் அடையாளத்தைக் காணொளி அழைப்பில் சரிபார்க்கும். சில வங்கிகளின் காணொளிச் சரிபார்ப்பு எல்லா நாட்டுக் கடவுச்சீட்டுகளையும் ஏற்பதில்லை. அப்படி நேர்ந்தால் 'போஸ்ட்இடென்ட்' முறையைத் தேர்ந்தெடுத்து, வங்கி தரும் தாளையும் கடவுச்சீட்டையும் தபால் அலுவலகத்தில் நேரில் காட்டலாம். கிளை வங்கியில் முன்கூட்டி நேரம் வாங்கிக்கொண்டு, கடவுச்சீட்டு, விசா அல்லது குடியிருப்பு அட்டை, பதிவுச் சான்று, பல்கலைக்கழகச் சேர்க்கைக் கடிதம் அல்லது வேலை ஒப்பந்தம், வந்திருந்தால் வரி எண் ஆகியவற்றுடன் செல்லுங்கள். படிவத்தில் 'டிஸ்போ' என்று ஒரு வரி இருக்கும். இருப்புக்கு மேல் எடுத்துக்கொள்ள வங்கி தரும் கடன் அது. அதன் வட்டி பெரும்பாலும் ஆண்டுக்கு 10 சதவீதத்தைத் தாண்டுவதால் தொடக்கத்தில் வேண்டாம் என்று சொல்லிவிடுவதே மேல்.

வங்கி மறுத்தால் அதோடு முடிந்தது என்று எண்ண வேண்டாம். ஐரோப்பிய ஒன்றியத்தில் சட்டப்படி தங்கியிருக்கும் எவருக்கும் 'பாஸிஸ்கோன்டோ' என்னும் அடிப்படைக் கணக்குக்கு 2016 ஜூன் முதல் சட்ட உரிமை உண்டு. நிலையான முகவரி இல்லாதவர்களும், தஞ்சம் கோரியவர்களும், நாடுகடத்தல் நிறுத்திவைக்கப்பட்டவர்களும் இதில் அடங்குவர். தஞ்சம் கோரி வரும் ஈழத்தமிழர்கள் இதை அவசியம் அறிந்திருக்க வேண்டும். இதற்கென்றே உள்ள படிவத்தை நிரப்பிக் கொடுத்தால் வங்கி 10 வேலை நாட்களுக்குள் முடிவு செய்தாக வேண்டும். பொதுவாக, மறுப்புக்கான காரணத்தை எழுத்தில் தர வேண்டும். அந்த மறுப்பை எதிர்த்து நிதித்துறைக் கண்காணிப்பு அமைப்பான பாஃபினிடம் முறையிடலாம். கட்டணமும் வங்கி வைத்ததே சட்டம் என்றில்லை: மாதம் 8.99 யூரோ வாங்கிய ஒரு பெரிய வங்கியின் கட்டணம் பொருத்தமற்றது என்று 2020இல் கூட்டாட்சி உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

நடத்தும் முறை

ஜெர்மன் ஐபான் 'டிஇ' என்ற இரண்டு எழுத்துகளில் தொடங்கி மொத்தம் 22 இடங்கள் கொண்டது. தொகை எழுதும்போது கவனம் தேவை. இங்கே ஆயிரத்துக்குப் புள்ளியும் தசமத்துக்குக் காற்புள்ளியும் இடுவார்கள், நாம் 1,500.00 என்று எழுதுவது இங்கே 1.500,00. அனுப்பும் பொத்தானை அழுத்தும் முன் தொகையை இன்னொரு முறை வாசியுங்கள். நீங்களே உறுதிசெய்து அனுப்பிய பணத்தை வங்கி திரும்ப வாங்கித் தரும் என்று நம்பியிருக்க முடியாது.

வாடகைக்கு 'டவர்அவுஃப்ட்ராக்' என்னும் நிலையான ஆணையை வையுங்கள். மாதந்தோறும் குறித்த நாளில் குறித்த தொகை தானாகச் சென்றுவிடும். காப்பீடு, கைபேசி, பயணச்சீட்டு போன்றவற்றுக்கு 'லாஸ்ட்ஷ்ரிஃப்ட்' முறை. உங்கள் கையொப்பத்தின் பேரில் நிறுவனமே கணக்கிலிருந்து எடுத்துக்கொள்ளும். இதில் உங்களுக்கு வலுவான பாதுகாப்பு இருக்கிறது: எடுத்த நாளிலிருந்து 8 வாரங்களுக்குள் காரணமே சொல்லாமல் திரும்பப் பெறலாம், நீங்கள் அனுமதியே தராமல் எடுக்கப்பட்டிருந்தால் 13 மாதங்கள் வரை அவகாசம் உண்டு. ஆனால் உண்மையான கடனுக்கு இதைப் பயன்படுத்தினால் நினைவூட்டல் கட்டணமும், தொடர்ந்து செலுத்தாவிட்டால் கடன் வரலாற்றைச் சேர்க்கும் ஷூஃபாவில் பாதகமான பதிவும் வரக்கூடும். அந்தப் பதிவு அடுத்த வீடு தேடும்போது குறுக்கே நிற்கும். வீட்டுக்கு 18.36 யூரோ என்ற மாத ஒலிபரப்புக் கட்டணம் மூன்று மாதத்துக்குச் சேர்த்து 55.08 யூரோவாக எடுக்கப்படும்போது, மாதக் கடைசியில் இருப்பு போதாமல் திணறும் மாணவர்கள் பலர். அந்த அளவுக்காவது எப்போதும் கணக்கில் விட்டுவையுங்கள்.

கைபேசியை மாற்றுவதற்கு முன் வங்கிச் செயலியைப் புதிய கைபேசிக்கு மாற்றிவிட்டு, அது இயங்குகிறதா என்று பார்த்த பிறகே பழையதை விற்க வேண்டும்; தவறினால் புதிய தொடக்க எண் தபாலில் வரும் வரை காத்திருக்க நேரும். அட்டை தொலைந்தால் 116 116 என்ற எண்ணை அழைத்து முடக்கலாம்.

இன்னொரு ஆபத்தை வேலை தேடும் மாணவர்களிடம் மீண்டும் மீண்டும் சொல்ல வேண்டியிருக்கிறது. 'செயலியைச் சோதிக்கும் வேலை' என்று விளம்பரம் செய்து, கடவுச்சீட்டோடு காணொளிச் சரிபார்ப்பில் உட்காரச் சொல்வார்கள். அங்கே உண்மையில் நடப்பது உங்கள் பெயரில் ஒரு கணக்கு திறக்கப்பட்டு மோசடிக்காரர் கைக்குப் போவது. உங்கள் கணக்குக்கு வரும் பணத்தை ஒரு பங்கு எடுத்துக்கொண்டு வேறிடத்துக்கு அனுப்பச் சொல்வதும் இதே வகைதான். அறியாமல் செய்தேன் என்றாலும் பணச்சலவை விசாரணை உங்கள் மேல் வரும். அது விசாவையும் பாதிக்கலாம். நண்பர் கேட்டாலும் கணக்கை இரவல் கொடுக்காதீர்கள்.

இந்தியாவிலிருந்து வந்தவர்கள், வெளிநாடுவாழ் இந்தியர் ஆனபின் ஊரிலுள்ள சாதாரணச் சேமிப்புக் கணக்கை, அவர்களுக்கென்றே உள்ள 'என்ஆர்ஓ' என்னும் ரூபாய்க் கணக்காக மாற்ற வேண்டும் என்பதையும் மறந்துவிடக் கூடாது. வீட்டுக்குப் பணம் அனுப்பும்போது கட்டணத்தை மட்டும் பார்க்காமல், கடைசியில் எத்தனை ரூபாய் கைக்கு வருகிறது என்பதை வைத்து ஒப்பிடுங்கள்.

நாட்டை விட்டுப் புறப்படும்போது கணக்கை அவசரமாக மூடுவது பலருக்கு இழப்பைத் தந்திருக்கிறது. வீட்டு முன்பணம், மின்சாரக் கணக்கின் மீதி, வருமான வரித் திரும்பப் பெறுதல் ஆகியவை நீங்கள் போன பிறகு மாதக்கணக்கில் தாமதித்தே வரும்; வெளிநாட்டுக் கணக்குக்கு அனுப்பச் சொன்னால் தாமதமும் செலவும் கூடும். அவை வந்து சேரும் வரை கணக்கைத் திறந்தே வைத்து, புதிய முகவரியை வங்கிக்குத் தெரிவியுங்கள். பிறகு மூடக் கோரும் கடிதத்தில் மீதித் தொகை செல்ல வேண்டிய கணக்கை முழு விவரத்துடன் எழுதுங்கள். கணக்கு மூடப்பட்டதும் இணையச் சேவையும் நின்றுவிடும் என்பதால், கணக்கு அறிக்கைகள் அனைத்தையும் அதற்கு முன்பே பதிவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.