விருது பெற்ற சோவியத் பீரங்கி வீரரின் போர்க்காலப் பணியை ஆவணங்களிலிருந்து மீட்டெழுதும் முறை

மாபெரும் தேசபக்தப் போரில் (1941–45-இல் ஜெர்மனிக்கு எதிராகச் சோவியத் யூனியன் நடத்திய போரில்) விருது பெற்ற ஒரு சோவியத் பீரங்கி வீரரின் பணியை எழுத முற்படுபவர்கள் பெரும்பாலும் அவர் மார்பில் அணிந்திருந்த பதக்கங்களை வரிசைப்படுத்துவதோடு நின்றுவிடுகிறார்கள். பதக்கம் என்பது மேலதிகாரிகள் எடுத்த முடிவு. அந்த வீரர் எந்த நாளில், எந்த ஊருக்கு வெளியே, எந்தப் பீரங்கியின் அருகில் நின்று என்ன செய்தார் என்பது அந்த முடிவுக்கு முன்னால் எழுதப்பட்ட தாளில்தான் இருக்கிறது. அந்தத் தாளைத் தேடி எடுப்பதும், அதைச் சரியாகப் படிப்பதும், பிற ஆவணங்களோடு ஒப்பிட்டுப் பார்ப்பதுமே இந்த வேலையின் முக்கால் பங்கு.

தேடலைத் தொடங்குமுன் நான்கு விவரங்களைத் திரட்டிக்கொள்ள வேண்டும்: குடும்பப் பெயர், இயற்பெயர், தந்தைவழிப் பெயர், பிறந்த ஆண்டு. இவற்றோடு அவரைப் படைக்கு அழைத்த மாவட்ட இராணுவ அலுவலகத்தின் பெயரும் கிடைத்துவிட்டால், ஒரே பெயர் கொண்ட பலருக்கு நடுவே அவரை இனம்காண்பது எளிதாகும். மாஸ்கோவுக்கு அருகில் பதோல்ஸ்க் நகரில் உள்ள பாதுகாப்பு அமைச்சகத்தின் மத்திய ஆவணக் காப்பகத்தில் இருக்கும் தாள்களில் பல இன்று இணையத்தில் படங்களாகக் கிடைக்கின்றன. இறந்தோர், காணாமற்போனோர் பற்றிய 'மெமோரியல்' தரவுத்தளம் 2007-இலும், விருது ஆவணங்களைக் கொண்ட 'போத்விக் நரோதா' 2010-இலும், இவற்றை ஒன்றிணைத்துப் படைப்பிரிவுகளின் ஆவணங்களையும் சேர்த்த 'பாம்யாத் நரோதா' 2015-இலும் திறக்கப்பட்டன. ரஷ்ய எழுத்தில் தேடினால்தான் முழுப் பயன் கிடைக்கும். உஸ்பெக், கஸாக், ஜார்ஜிய, ஆர்மீனிய வீரர்களின் பெயர்களைப் படைப்பிரிவு எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதியதால், ஒரே மனிதர் இரண்டு மூன்று எழுத்துக்கூட்டல்களில் பதிவாகியிருப்பது சாதாரணம். பெயரில் எதுவும் கிடைக்காவிட்டால் பிறந்த ஆண்டையும் ஊரையும் வைத்துத் தேடிப் பார்க்கவும்.

கையில் கிடைக்கும் ஆவணங்களில் மிகவும் செறிவானது விருதுப் பரிந்துரைத் தாள். அதன் மேற்பகுதியில் பெயர், இராணுவத் தரம், பொறுப்பு, படைப்பிரிவு, பிறந்த ஆண்டு, தேசிய இனம், கம்யூனிஸ்ட் கட்சி உறுப்பினரா என்பது, எந்த நாளிலிருந்து செஞ்சேனையில் (சோவியத் படையில்) இருக்கிறார், எந்த அலுவலகம் அழைத்தது, எத்தனை முறை காயமுற்றார், முன்பு என்ன விருதுகள் பெற்றார், நிரந்தர முகவரி ஆகியவை கட்டம் கட்டமாக இருக்கும். பலர் இதைத் தாண்டிக் கீழே உள்ள வீரச்செயல் விவரிப்புக்கு ஓடிவிடுகிறார்கள். அது பெரிய இழப்பு. காயங்களின் தேதிகளும் முந்தைய விருதுகளும் சேர்ந்தே அவருடைய பணியின் கால எலும்புக்கூட்டைத் தருகின்றன. காயத்துக்கும் அடுத்த விருதுக்கும் இடையில் படைப்பிரிவின் எண் மாறியிருந்தால், மருத்துவமனையிலிருந்து அவர் பழைய இடத்துக்குத் திரும்பாமல் வேறு பிரிவுக்கு அனுப்பப்பட்டார் என்று கொள்ள இடமுண்டு.

கீழ்ப்பகுதியில் வீரச்செயலின் விவரிப்பும், அதன்பின் ரெஜிமெண்ட் தளபதி தொடங்கி மேல்நோக்கிச் செல்லும் கையெழுத்துகளும் வருகின்றன. இங்கே கவனிக்க வேண்டியவை இரண்டு. பரிந்துரைக்கப்பட்ட விருதும் வழங்கப்பட்ட விருதும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை; செங்கொடி ஆர்டருக்கு ('ஆர்டர்' என்பது பதக்கத்தைவிட உயர்ந்த விருது வகை) பரிந்துரைக்கப்பட்டவருக்கு மேலே உள்ள ஒருவரின் முடிவால் அதைவிடக் கீழான செந்நட்சத்திர ஆர்டர் கிடைத்திருக்கலாம். இரண்டாவதாக, செயல் நடந்த நாளும் ஆணை கையெழுத்தான நாளும் வேறு. சில வேளைகளில் இடையில் பல மாதங்கள் கடந்திருக்கும். ஆணையின் தேதியைப் போரின் தேதியாக எழுதினால் வீரர் தவறான ஊரில், தவறான போர்முனையில் போய் நிற்பார்.

ஒவ்வொரு விருதையும் யார் வழங்க முடியும் என்பதை அறிந்திருந்தால்தான் அதன் எடை புரியும். 1938-இல் நிறுவப்பட்ட 'துணிவுக்காக' பதக்கத்தை 1942 நவம்பரிலிருந்து ரெஜிமெண்ட் தளபதியே வழங்கலாம். அதற்கு முழுப் பரிந்துரைத் தாள் இருக்காது. ரெஜிமெண்ட் ஆணையில் இரண்டு மூன்று வரிகள் மட்டுமே இருக்கும். ஆயினும் அந்த வரிகள் போர்க்களத்துக்கு மிக அருகில் இருந்து எழுதப்பட்டவை என்பதால், பெரிய ஆர்டர்களின் நீண்ட விவரிப்புகளைவிட அவற்றையே நான் மேலாக மதிக்கிறேன். 1943 நவம்பர் 8 அன்று நிறுவப்பட்ட புகழ் ஆர்டர் படைவீரர்களுக்கும் சார்ஜெண்டுகளுக்கும் உரியது. அதன் மூன்றாம் வகுப்பைப் பல ரெஜிமெண்டுகள் சேர்ந்த டிவிஷனின் தளபதியும், இரண்டாம் வகுப்பைப் பல டிவிஷன்கள் சேர்ந்த 'இராணுவம்' என்ற பெரும் படைப்பிரிவின் தளபதியும், முதல் வகுப்பை நாட்டின் நாடாளுமன்றமான உச்ச சோவியத்தின் தலைமைக் குழுவும் வழங்கின.

தேசபக்தப் போர் ஆர்டர் பீரங்கி வீரர்களோடு தனித்த தொடர்புடையது. 1942 மே 20 அன்று வெளியான அதன் விதிகளே டாங்கிக் கணக்கை வகுத்துரைத்தன: பீரங்கிக் குழுவின் அங்கமாக நின்று மூன்று கனரக அல்லது நடுத்தர டாங்கிகளையோ ஐந்து இலகு டாங்கிகளையோ அழித்தவருக்கு முதல் வகுப்பு, இரண்டு கனரக அல்லது நடுத்தர டாங்கிகள், அல்லது மூன்று இலகு டாங்கிகள் என்றால் இரண்டாம் வகுப்பு. முதன்முதலில் அதைப் பெற்றவர்களும் பீரங்கி வீரர்களே. 1942 மே மாதம் உக்ரைனின் கார்க்கிவ் பகுதியில் 32 டாங்கிகளை அழித்ததாகப் பதிவான கேப்டன் இவான் கிரிக்லியின் பிரிவினர் ஜூன் 2 ஆணையில் இடம்பெற்றனர். ஆனால் இதே ஆர்டர், வெற்றியின் 40-ஆம் ஆண்டையொட்டி 1985 மார்ச் 11 ஆணையின்படி, உயிரோடிருந்த முன்னாள் போர்வீரர்களுக்கும் பரவலாக வழங்கப்பட்டது. ஆகவே ஆணையின் ஆண்டைப் பார்க்காமல் அதைப் போர்க்கள விருதாக எழுதக் கூடாது. 'ஜெர்மனி மீதான வெற்றிக்காக' பதக்கமும் தனிப்பட்ட வீரச்செயலுக்கு உரியதன்று. மாறாக, ஸ்தாலின்கிராதின் பாதுகாப்புக்கும், கியோனிக்ஸ்பெர்க், புடாபெஸ்ட், வியன்னா, பெர்லின் ஆகியவற்றைக் கைப்பற்றியதற்குமான பதக்கங்கள் அவர் எங்கே இருந்தார் என்பதற்கு நல்ல சான்றுகள்.

அடுத்து, அவருடைய பொறுப்பையும் பீரங்கியின் வகையையும் உறுதிசெய்ய வேண்டும். குறிபார்ப்பவர், பீரங்கித் தளபதி, பீரங்கியின் பின்புறப் பூட்டுப்பகுதியை இயக்குபவர், குண்டு நிரப்புபவர், குண்டு கொண்டுவருபவர் என ஒவ்வொருவருக்கும் தனி வேலை இருந்தது. கண்ணுக்குத் தெரியும் இலக்கை நேரடிக் குறியில் சுடும்போது, வரும் டாங்கியைக் குறிநோக்கியின் வழியே பார்த்துக்கொண்டே காத்திருந்தவர் குறிபார்ப்பவர். ஆனாலும் தாளில் உள்ள பொறுப்பு அன்றைய போரில் அவர் செய்த வேலையாக இல்லாமலும் போகலாம். 1943 ஜூலை 11 அன்று புரோகொரோவ்கா அருகே ஏழு டாங்கிகளை அழித்ததற்காக நாட்டின் மிக உயர்ந்த 'சோவியத் யூனியன் வீரர்' பட்டம் பெற்ற மிகயீல் பரீசவ், பொறுப்பின்படி கொம்சோமோல் (கம்யூனிஸ்ட் இளைஞர் சங்க) அமைப்பாளர். குழுவினர் வீழ்ந்தபின் பீரங்கியைத் தாமே இயக்கினார்.

பீரங்கியின் அளவு அவர் எதிரிக்கு எவ்வளவு அருகில் இருந்தார் என்பதைச் சொல்லிவிடும். 45 மில்லிமீட்டர் பீரங்கி காலாட்படையோடு முன்வரிசையில் கையால் தள்ளிச் செல்லப்பட்டது. 76 மில்லிமீட்டர் ஸிஸ்-3, ஏறத்தாழ 1,200 கிலோ எடையும் 13 கிலோமீட்டர் வீச்சும் கொண்டு, தொலைவிலிருந்தும் நேரடியாகவும் சுட்டது. 122 மில்லிமீட்டர் எம்-30 ஹொவிட்சர் பொதுவாக வரிசைக்குப் பின்னால், எதிரியின் கண்ணுக்குப் படாத நிலையிலிருந்து சுட்டது. டாங்கி அழிப்புப் பிரிவில் இருந்தவரென்றால், 1942 ஜூலை 1 ஆணையையும் குறிப்பிட வேண்டும். அதன்படி குறுக்காக வைக்கப்பட்ட இரு பீரங்கிக் குழல்கள் கொண்ட கைச்சின்னம் அவர்களுக்கு வந்தது. அழிக்கப்பட்ட ஒவ்வொரு டாங்கிக்கும் பீரங்கித் தளபதிக்கும் குறிபார்ப்பவருக்கும் தலா 500 ரூபிளும், குழுவின் மற்றவர்களுக்குத் தலா 200 ரூபிளும் வெகுமதியாக நிர்ணயிக்கப்பட்டன.

இனி, அவருடைய ரெஜிமெண்டின் போர் நாட்குறிப்பையும் அன்றாட நிலவர அறிக்கைகளையும் எடுத்துப் பரிந்துரைத் தாளின் தேதிக்கு முன்னும் பின்னும் ஒரு வாரத்தைப் படிக்க வேண்டும். ரெஜிமெண்டுக்கு இல்லாவிட்டால் டிவிஷனுக்கு இருக்கும். போரில் சிறந்து விளங்கியதற்காகக் 'காவல்படை' என்ற சிறப்புப் பட்டம் பெற்ற பிரிவுகளின் எண் மாறிவிடும் என்பதை மறக்கக் கூடாது: 316-ஆவது காலாட்படை டிவிஷன் 1941 நவம்பரில் 8-ஆவது காவல்படை டிவிஷனாயிற்று, ஸ்தாலின்கிராதில் நின்ற 62-ஆவது இராணுவம் 1943-இல் 8-ஆவது காவல்படை இராணுவமாயிற்று. ஊர்ப்பெயர்களும் மாறின, அன்றைய ஜெர்மனியின் கிழக்குப் பிரஷ்யாவில் இருந்த இன்ஸ்டர்பர்க் இன்று செர்னியாகோவ்ஸ்க், தில்சித் இன்று சவியெத்ஸ்க்.

டாங்கிகளின் எண்ணிக்கையில் மிகுந்த நிதானம் தேவை. புகைக்கும் தூசிக்கும் நடுவே பல பீரங்கிகள் ஒரே இலக்கைச் சுட்டன; சேதமடைந்த டாங்கியை இரவில் எதிரி இழுத்துச்சென்று பழுதுபார்த்தான். ஜெர்மானியரின் 'ஃபெர்டினாண்ட்' என்ற கனரக டாங்கி அழிப்பு வண்டிகள் ஏறத்தாழ 90 மட்டுமே செய்யப்பட்டன. ஆயினும் 1943 கோடையின் குர்ஸ்க் போருக்குப் பிறகு ஜெர்மானியரின் பல்வேறு தானே நகரும் வண்டிப் பீரங்கிகளும் அறிக்கைகளில் அந்தப் பெயராலேயே குறிக்கப்பட்டன. ஆகவே எண்ணிக்கையை எழுதும்போது பரிந்துரைத் தாள் கூறுகிறது என்று எழுதி, எதிர்த்தரப்பு டிவிஷனின் இழப்பு அறிக்கை கிடைத்தால் அதையும் அருகில் வைக்க வேண்டும். 1941 ஜூலை 17 அன்று பெலாரசின் கிரிச்சிவ் அருகே ஜெர்மன் டாங்கி வரிசையைத் தனியே தடுத்ததாகப் போற்றப்படும் நிகலாய் சிரோதினினுக்கு 1960-இல், மறைவுக்குப் பின், தேசபக்தப் போர் ஆர்டரின் முதல் வகுப்பு வழங்கப்பட்டது. ஆனால் அந்தச் சண்டையின் விவரங்களை ஆய்வாளர்கள் பலர் ஐயுற்றுள்ளனர். அப்படி ஐயுறுவது அவர் நினைவுக்கு இழைக்கும் அவமதிப்பு அன்று. உறுதியானதையும் உறுதியற்றதையும் பிரித்து வைத்தால்தான் உறுதியான பகுதிக்கு வலு வரும்.

பணியின் முடிவை வெற்றி நாளான 1945 மே 9 என்று இயல்பாகக் கொண்டுவிடக் கூடாது. 1945 ஜூன் 23 சட்டம் வயதில் மூத்த 13 பிறப்பாண்டினரை மட்டுமே முதலில் விடுவித்தது. இளையவர்கள் தொடர்ந்து பணியில் இருந்தார்கள். 'ஜப்பான் மீதான வெற்றிக்காக' பதக்கம் இருந்தால் தூரக் கிழக்கையும் தேட வேண்டும். கிழக்குப் பிரஷ்யாவில் போரை முடித்த 5-ஆவது, 39-ஆவது இராணுவங்களும், பிராக் பகுதியிலிருந்த 53-ஆவது இராணுவமும், 6-ஆவது காவல்படை டாங்கி இராணுவமும் அந்தக் கோடையில் ரயிலேறி மஞ்சூரிய எல்லைக்குச் சென்றன. அவற்றின் பீரங்கிப் பிரிவுகளில் இருந்தவருக்கு ஆகஸ்டில் இன்னொரு போர் காத்திருந்தது. அதற்கான தாள்கள் தூரக் கிழக்குப் போர்முனைகளின் தொகுப்புகளில் தனியே இருக்கும்.