எடை குறைப்பு அறுவை முடிந்தவருக்குச் சமைக்கப் போகிறவர்களுக்கு

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் என் மகளுக்கு ஸ்லீவ் என்ற எடை குறைப்பு அறுவை நடந்தபோது சமையல் பொறுப்பு என்னுடையது. இந்தியர்கள் அதிகம் வாழும் சாட்ஸ்வொர்த் பகுதியில் எங்களைப் போன்ற வீடுகளில் ஒருவர் ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் அடுப்பில் ஏறுவது அரிசிக் கஞ்சிதான். இந்த அறுவைக்கு அது போதாது. இரைப்பையில் முக்கால் பங்கு, சில நேரம் அதற்கும் மேல், வெட்டி எடுத்துவிடுகிறார்கள். மிச்சமிருப்பது வாழைப்பழம் போல ஒரு குழாய். அதற்குள் போகிற கொஞ்சத்தில் முதல் இடம் புரதத்துக்கு. நாளைக்கு 60 கிராமாவது வேண்டும் என்பது பொதுவான கணக்கு. ஒரு முட்டையில் 6 கிராம் இருக்கிறது. கஞ்சியில் பெரும்பாலும் மாவுச்சத்துதான்.

ஆஸ்பத்திரியில் தரும் உணவுத்தாளைக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டுங்கள். நான் சொல்வதும் தாளும் வேறுபட்டால் தாளைத்தான் கேட்க வேண்டும். பொதுவாக முதல் ஓரிரு நாள் தெளிந்த நீர், அப்புறம் இரண்டு வாரம் வரை பால், சூப் போன்றவை. மூன்று, நான்காம் வாரங்களில் மசித்தது, பிறகு மென்மையானது. சாதாரணச் சாப்பாட்டுக்கு ஆறு முதல் எட்டு வாரம் ஆகும்.

தெளிந்த நீர் என்றால் வடிகட்டிய கோழிச் சாறு, சர்க்கரை போடாத ரூயிபோஸ் என்ற சிவப்பு மூலிகைத் தேநீர், மிளகாய் போடாமல் புளியைக் குறைத்து வடித்த ரசம். அடுத்த கட்டத்தில் பருப்பைக் குழைய வேகவைத்து, அரைத்து, சல்லடையில் வடித்துக் கொடுத்தேன். டயட்டீஷியன் சொன்ன புரத மாவையும் அதில் கலக்கலாம், ஆனால் கொதிக்கும்போது போட்டால் கட்டி தட்டும், இறக்கி ஆறவிட்டுக் கலக்குங்கள். சர்க்கரை சேர்க்காத மாஸ், அதாவது தயிர் போன்ற புளித்த பால், நல்லது, தண்ணீர் விட்டு நீர்க்கச் செய்யுங்கள். மசித்த கட்டம் வந்ததும் டின் பில்சார்ட் மீன் கைகொடுக்கும். முள்ளே மென்மையாக இருப்பதால் அதையும் சேர்த்து மசிக்கலாம், சுண்ணாம்புச் சத்து. வேகவைத்த ஷுகர் பீன்ஸ் என்ற புள்ளி போட்ட காய்ந்த பீன்ஸைத் தோல் நீங்கப் பிசைந்து கொடுக்கலாம். தாளிப்பில் மிளகாயை விட்டுவிட்டுச் சீரகம், கறிவேப்பிலை வாசனையோடு நிறுத்துங்கள். வாசனை இருந்தால்தான் அவர்களுக்குச் சாப்பிட மனம் வரும்.

தண்ணீரை ஒரேயடியாகக் குடிக்க முடியாது. சின்ன மருந்துக் கிண்ணத்தில் ஊற்றி, நாள் முழுக்கச் சிறு சிறு மிடறாக ஒன்றரை லிட்டர் வரை கொண்டுபோக வேண்டும். சாப்பாட்டோடு குடிக்கக் கூடாது, சாப்பிட்டு அரை மணி நேரம் கழித்துத்தான். கூல்டிரிங்க் வேண்டவே வேண்டாம்.

நான் கெஞ்சிக் கேட்பது ஒன்று. "இன்னும் ஒரு வாய்" என்று சொல்லாதீர்கள். பார்க்க வரும் அத்தை, சித்தியிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நெஞ்சில் அழுத்தம், விக்கல், திடீரென மூக்கு ஒழுகுவது, வாயில் எச்சில் ஊறுவது எல்லாம் வயிறு நிறைந்ததற்கான அடையாளம். அதற்கு மேல் ஒரு கரண்டி போனாலும் வாந்திதான். பிள்ளை "போதும்மா" என்றதும் தட்டை எடுத்துவிடுங்கள், அது இரண்டு கரண்டிச் சாப்பாடாக இருந்தாலும். நம் அன்பு அவர்களுக்குத் தெரியும்.

சோறு, ரொட்டி, பிரெட், காய்ந்த கோழித்துண்டு எல்லாம் அடைத்துக்கொள்ளும். அதனால் பன்னி சௌ, அதாவது குடைந்த பிரெட்டுக்குள் கறி ஊற்றித் தருவது, பல மாதம் கழித்துத்தான், அதுவும் உள்ளிருக்கும் பீன்ஸ் கறி மட்டும். பாயசம், சர்க்கரைப் பொங்கல் போன்றவை சட்டென்று குடலுக்குள் இறங்கினால் வியர்வை, படபடப்பு, வயிற்றுப்போக்கு வரும். இரைப்பை பைபாஸ் என்ற வேறு வகை எடை குறைப்பு அறுவை செய்தவர்களுக்கு இது அதிகம்.

மாத்திரைகளில் கவனம். வைட்டமின் வாழ்நாள் முழுக்க வேண்டும். இரும்புச்சத்தும் கால்சியமும் சேர்த்துப் போடக் கூடாது, இரண்டு மணி நேர இடைவெளி விடுங்கள். சர்க்கரை நோய் இருந்தால் பழைய அளவு மருந்து இப்போது அதிகமாகிவிடலாம், வீட்டுக்கு வருமுன் மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள். வலிக்கு ஐபுபுரோஃபென் நீங்களாகக் கொடுக்காதீர்கள்.

காய்ச்சல், சும்மா இருக்கும்போதே நெஞ்சு வேகமாக அடிப்பது, கூடிக்கொண்டே போகும் வயிற்றுவலி, இடது தோளில் வலி, மூச்சுத்திணறல், கெண்டைக்கால் வீக்கம் இவற்றில் ஒன்று தெரிந்தாலும் விடியும்வரை காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். தண்ணீர்கூடத் தங்காமல் வாந்தி நீடித்தாலும் அப்படித்தான். பி1 வைட்டமின் குறைந்து நரம்பும் மூளையும் பாதிக்கப்படலாம்.

புரட்டாசியில் சைவம் இருப்பவர்களுக்கு முட்டையும் மீனும் போய்விடும். பருப்பு, மாஸ், சோயாவோடு புரத மாவும் அப்போது கட்டாயம். காவடிக்குப் பட்டினி விரதம் முதல் வருடம் வேண்டாம், நேர்த்திக்கடனை அடுத்த வருடம் செலுத்தலாம். ஆடியில் அம்மன் கோயிலில் ஊற்றும் புளித்த கூழை, மென்மையான உணவுக் கட்டம் வந்திருந்தால், வீட்டுக்கு வாங்கி வந்து மாஸ் கலந்து இரண்டு கரண்டி கொடுங்கள்.