ஆறாவது நைட் டியூட்டி

அன்று தொடர்ந்து ஆறாவது நைட் டியூட்டி. விடிகாலை நாலு மணி. ஆன்டிபயாடிக் பவுடரைக் கரைக்க, டிஸ்டில்ட் வாட்டர் என்று நினைத்து ஒரு ஆம்பூலை, சின்னக் கண்ணாடிக் குப்பியை, எடுத்தேன். குப்பியின் கழுத்தை உடைக்கும் முன் ஏனோ லேபிளைப் பார்த்தேன். பொட்டாசியம் குளோரைடு. நீர்க்கச் செய்யாமல் நரம்பில் வேகமாக ஏற்றினால் இதயமே நின்றுவிடும். கை நடுங்கிவிட்டது.

அதற்கு முன்பே நான் சரியாக இல்லை. "ரொம்ப வலிக்குது சிஸ்டர்" என்று ஒரு பாட்டி கையைப் பிடித்தபோது, முகத்தைக்கூடப் பார்க்காமல் உருவிக்கொண்டு போயிருக்கிறேன். அது இன்னும் உறுத்துகிறது. உலக சுகாதார நிறுவனம் 2019-ல் பர்ன்அவுட்டை வேலை சார்ந்த நிலையாக வரையறுத்தபோது மூன்று அடையாளங்களைச் சொன்னது: சக்தி வற்றுவது, வேலையிலிருந்து மனம் விலகுவது, செயல்திறன் குறைவது. மூன்றும் என்னிடம் இருந்தன.

காலையில் மறைக்காமல் இன்சார்ஜ் சிஸ்டரிடம் சொன்னேன். அவர் திட்டவில்லை. உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்தார். அன்றே பொட்டாசியம் ஆம்பூல்கள் டிரேயிலிருந்து பூட்டிய அலமாரிக்குப் போயின. இன்னொருவர் லேபிளைச் சத்தமாக வாசித்த பிறகே எடுக்கிறோம். தொடர்ந்து மூன்று இரவுக்கு மேல் வேண்டாம் என்று எல்லோரும் எழுதிக் கேட்டோம். ஆள் இல்லை என்று ஒரு மாதம் இழுத்தடித்தார்கள், அப்புறம் கிடைத்தது. பர்ன்அவுட்டுக்கு யோகா வகுப்பு வைத்தால் போதும் என்று சொல்வதை நான் ஏற்க மாட்டேன். நாற்பது படுக்கைக்கு இரண்டே பேர் என்றால் யாராக இருந்தாலும் உடைந்துதான் போவார்கள்.

தூக்கம் ஒழுங்காக இரண்டு மாதம் ஆனது. இப்போது ஊசி போடும் முன் பெயரைக் கேட்கிறேன், முகத்தைப் பார்க்கிறேன்.