மே மாதம் பார்த்த வீடு: முடிவெடுப்பதில் நாம் சறுக்கும் இடங்கள்

2017 மே மாதம் வேளச்சேரியில் ஒரு வாடகை வீடு பார்த்தோம். தரைத்தளம், இரண்டு படுக்கையறை, கிழக்கு வாசல். உச்சி வெயிலில் உள்ளே நுழைந்ததும் குளுகுளுவென்று இருந்தது. பத்தே நிமிடத்தில் டோக்கன் அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன். அதற்கு முந்தைய வாரம்தான் ஒரு மிக்ஸி வாங்க தி.நகரில் மூன்று கடை ஏறி இறங்கி அரை நாளைக் கழித்திருந்தோம்.

வீட்டுக்குள் புதுப் பெயின்ட். காம்பவுண்ட் சுவருக்கு மட்டும் அடிக்கவில்லை. அதில் இடுப்பு உயரத்தில் பழுப்பாக ஒரு கோடு ஓடியது. பார்த்தேன், அழுக்கு என்று நினைத்துக்கொண்டேன். அது 2015 டிசம்பர் வெள்ளம் போட்டுவிட்டுப் போன கோடு. நவம்பரில் முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு, பிரிட்ஜைக் கட்டில்மேல் தூக்கி வைக்க ஆள் தேடியபோதுதான் அது புரிந்தது.

சென்னையின் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டித் தீர்த்துவிடும். இது தெரியாத சென்னைக்காரர் கிடையாது. ஆனாலும் வீட்டை மே மாதம் பார்த்துவிட்டு, மே மாதத்தை நம்பியே கையெழுத்துப் போடுகிறோம். மிக்ஸி சரியில்லையென்றால் மாற்றிக்கொள்ளலாம். பதினொரு மாத ஒப்பந்தத்தை அப்படி மாற்ற முடியாது. பழக்கப்பட்ட சின்ன விஷயத்தில் நம் சாமர்த்தியத்தைக் காட்டுவது சுலபம். பெரிய விஷயம் பயமாக இருக்கும், அதனாலேயே சீக்கிரம் முடித்துத் தொலைத்தால் போதும் என்று தோன்றுகிறது. எவ்வளவு நேரம் யோசிக்கலாம் என்பதைத் திரும்பி வர முடியுமா, முடியாதா என்பதை வைத்துத்தான் ஒதுக்க வேண்டும்.

அடுத்தது, யாரைக் கேட்கிறோம் என்பது. நான் புரோக்கரைக் கேட்டேன், அதுவும் ஊரே கேட்கும் அந்த ஒரே கேள்வியை: “தண்ணி வருமா?” அவர், “தண்ணிக்குப் பஞ்சமே இல்ல சார்” என்றார். பொய் சொல்லவில்லை, பாருங்கள். அந்த வீடு முடிந்தால் அவருக்கு ஒரு மாத வாடகை கமிஷன். தெருமுனையில் இஸ்திரி போடும் அண்ணனுக்கு அதில் ஒரு பைசா லாபமில்லை. அவரோ பிறகு சாவகாசமாகச் சொன்னார்: “மழைன்னா மொதல்ல இங்கதான் சார் நிக்கும். நீங்க கேக்கலையே.” வேலை மாறும்போதும் அப்படித்தான். எச்.ஆர். சொல்வதைவிட, அங்கிருந்து ஆறு மாதம் முன்பு விலகியவரோடு ஒரு டீ குடிப்பது மேல்.

சாதக பாதகங்களை இரண்டு பத்தியாக எழுதிப் பார்க்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. புது வேலையை ஏற்பதா என்று குழம்பிய விஞ்ஞானி ஜோசப் பிரீஸ்ட்லிக்கு, அவர் நண்பரான அமெரிக்கத் தலைவர் பெஞ்சமின் பிராங்க்ளின் 1772-ல் எழுதிய கடிதத்தில் சொன்ன முறை இது. ஆனால் நாம் ஒன்றை விட்டுவிட்டோம். மூன்று நான்கு நாள் தாளை வைத்திருந்து, தோன்றத் தோன்றச் சேர்க்கச் சொன்னார் அவர். நாமோ ராத்திரி பத்து மணிக்கு உட்கார்ந்து ஒரே மூச்சில் எழுதுகிறோம். எழுதும் முன்பே மனசு முடிவெடுத்திருக்கும், தாள் அதற்கு வக்கீல் வேலை பார்க்கும்.

நம் வீடுகளுக்கே உரிய தவறு ஒன்று இருக்கிறது. “இது கெட்டுப்போனால் எதனால் கெட்டுப்போகும்?” என்று யாராவது கேட்டால், “நல்ல காரியம் பேசும்போது அபசகுனமா வாயை வைக்காதே” என்று அடக்கிவிடுவோம். ஆபீஸில் அதே வாய் அடைப்புக்கு ‘நெகட்டிவாப் பேசாதீங்க’ என்று பெயர். கேரி கிளைன் என்ற உளவியலாளர் இந்த அபசகுனத்தையே ஒரு முறையாக்கினார். ஒரு வருடம் கழிந்துவிட்டது, திட்டம் படுதோல்வி என்று வைத்துக்கொண்டு, ஏன் தோற்றது என்று ஆளுக்கொரு தாளில் எழுத வேண்டும். ‘தோற்குமா’ என்று கேட்டால் மரியாதைக்காக மௌனமாக இருப்பவர்கள், ‘தோற்றுவிட்டது, ஏன்’ என்றால் பேசிவிடுவார்கள். கடன் வாங்கிக் கடை வைக்கப் போகிற மச்சானிடம் இதைச் செய்து பாருங்கள். முதல் பத்து நிமிடம் முறைப்பார். அப்புறம் அவரே மூன்று காரணம் சொல்வார்.

போட்ட காசுக்காகத் தொடர்வதைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை. பிரிட்டனும் பிரான்சும் கான்கார்ட் என்ற அதிவேகப் பயணிகள் விமானத்துக்கு லாபம் வராது என்று தெரிந்தும் பணம் கொட்டியதால், அதன் பெயரையே இந்தத் தவறுக்கு வைத்துவிட்டார்கள். யாரும் பயன்படுத்தாத சாப்ட்வேரை மூன்றாவது வருடமாக ஓட்டிக்கொண்டிருக்கும் ஓஎம்ஆர் ஐ.டி. கம்பெனி நண்பர்களுக்கு இது புரியும்.

கடைசியாக, பலனை வைத்து முடிவை எடைபோடுவது. யாரோ வற்புறுத்தியதால் அந்தக் காலத்தில் பொட்டல் காட்டில் மனை வாங்கியவர், பின்னால் அங்கே ஐ.டி. பார்க் வந்ததால் கல்யாண வீடுகளில் ஞானியாகிவிடுகிறார். அவர் எடுத்தது நல்ல முடிவு என்று சொல்ல மாட்டேன். அதிர்ஷ்டம். சரியாக யோசித்தும் அடி வாங்கியவர்கள் அதே பந்தியில் வாய் திறக்காமல் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். முடிவெடுத்த அன்று நமக்கு என்ன தெரிந்திருந்தது என்பதை எழுதி வைக்காவிட்டால் இந்த வித்தியாசம் பிடிபடாது. ‘அப்பவே தெரியும்’ என்று நினைவு நம்மையே ஏமாற்றிவிடும்.

அதனால் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். தேதி, முடிவு, காரணம், பயம் என்று நாலு வரி, அவ்வளவுதான். அதில் 2018 நவம்பர் பக்கம் இப்படி இருக்கிறது: “மடிப்பாக்கம், முதல் மாடி. மழையில் குடையோடு போய்ப் பார்த்தேன். தெருவில் தண்ணீர் நிற்கவில்லை. இஸ்திரிக் கடையிலும் விசாரித்தாகிவிட்டது. பயம்: பைக் நிறுத்த இடம் போதாது.”

அதற்குக் கீழே 2019 ஜூனில் வேறு மையில் எழுதியது: “போர்வெல் வற்றிவிட்டது. தண்ணீர் லாரிக்குப் பதிவு செய்து பதினெட்டு நாள் ஆகிறது. இந்த முறை ‘தண்ணி வருமா’ என்று யாரையும் கேட்கவில்லை.”