பழைய ஃபிளாஷ் சிடியில் இருக்கும் பாம்பன் பாலத்தை இன்றைய உலாவியில் திறப்பது எப்படி?

ராமநாதபுரம், கீழக்கரை, ராமேஸ்வரம் பக்கம் கணினி மையங்களில் மல்டிமீடியா படித்தவர்களில் பலர், கப்பலுக்குப் பாம்பன் பாலம் திறப்பதை ஃபிளாஷ் என்ற அனிமேஷன் மென்பொருளில் செய்து பார்த்திருப்பார்கள். அந்தக் கோப்பை இப்போது சொடுக்கினால் எதுவும் ஓடாது. 2020 டிசம்பர் 31-உடன் ஃபிளாஷ் பிளேயருக்கான ஆதரவை அடோபி நிறுத்திவிட்டது. 2021 ஜனவரி 12 முதல் பிளேயரே கோப்புகளை ஓட்ட மறுத்தது.

ஃபிளாஷ் மட்டமான கருவி என்று சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். வரைவது, அசைப்பது, ஒலி சேர்ப்பது மூன்றும் ஒரே திரையில் கிடைத்த வசதி, புதிதாகப் படிப்பவருக்கு இன்றும் எளிதில் கிடைப்பதில்லை. ஆனால் அந்தக் கோப்பு ஒரே நிறுவனத்தின் பிளேயரை நம்பியே இருந்தது. 2007-இல் வந்த ஐபோன் அந்தப் பிளேயரை ஏற்கவே இல்லை. படத்தைக் கோடுகளாகவும் வடிவங்களாகவும் எழுதிவைக்கும் எஸ்விஜி, அதன் தோற்றத்தையும் அசைவையும் சொல்லும் சிஎஸ்எஸ் இரண்டும் அப்படியல்ல. அவை வெறும் எழுத்துக் கோப்புகள். நோட்பேடில் திறந்து படிக்கலாம், எந்த உலாவியும் நேரடியாக ஓட்டும். நம் உழைப்பைப் போட்டுவைக்க அதுதான் சரியான இடம். அதனால் பழைய அசைவைப் பார்த்து, அதை எஸ்விஜியில் புதிதாகச் செய்யப்போகிறோம்.

படி 1: கோப்பை மீட்பது

சிடி தேய்வதற்குள் எல்லாவற்றையும் கணினிக்கு நகலெடுங்கள். எஃப்எல்ஏ என்று முடிவது வேலைக் கோப்பு. அடோபி அனிமேட் இருந்தால் அதில் திறக்கலாம். ஓட்டிப் பார்ப்பதற்கான எஸ்டபிள்யூஎஃப் கோப்பு மட்டும் இருந்தால் ரஃபிள் என்ற இலவச மென்பொருளை நிறுவி அதில் ஓட்டுங்கள். பழைய கோப்புகள் பெரும்பாலும் ஓடிவிடும். 'ஃபிளாஷ் பிளேயர் இலவசம்' என்று கண்ட தளத்தில் இருப்பதை மட்டும் இறக்காதீர்கள். அந்தப் பெயரில் வைரஸ் வரும்.

படி 2: அசைவைத் தாளில் எழுதுவது

மீட்ட கோப்பை ஓட்டிப் பார்த்து, எது அசைகிறது, எந்தத் திசையில், எவ்வளவு தூரம், எத்தனையாவது நொடியில் என்று நான்கு நெடுவரிசையாக எழுதுங்கள். கணினியைத் தொடுவதற்கு முன்பே பாதி வேலை இதில் முடிந்துவிடும்.

படி 3: அளவோடு வரைவது

புதிய பாலத்தில் இருந்து தொடங்குங்கள். 2025 ஏப்ரல் 6-ஆம் தேதி திறக்கப்பட்ட அந்தப் பாலத்தின் நடுப்பகுதி 72.5 மீட்டர் நீளம். அது கிடையாகவே 17 மீட்டர் மேலே ஏறுகிறது. ஒரு மீட்டருக்கு 10 பிக்சல் என்று வைத்தால், நடுப்பகுதி 725 பிக்சல், ஏற்றம் 170 பிக்சல். இந்தக் கணக்கு சரியாக இருந்தால்தான் படத்தைப் பார்த்ததும் நம்மூர் ஆட்களுக்குப் பாம்பன் என்று தெரியும்.

இங்க்ஸ்கேப் என்ற இலவச வரைகலை மென்பொருளில் 1000 பிக்சல் அகலப் பலகையில் கடல், இரு கோபுரங்கள், நடுப்பகுதி, படகு என்ற வரிசையில் வரையுங்கள். எஸ்விஜியில் பின்னால் வருவது மேலே தெரியும். அதனால்தான் படகு கடைசி. அசையும் ஒவ்வொன்றையும் குழுவாக்கி, அதை இன்னொரு குழுவுக்குள் போட்டு, வெளிக் குழுவுக்கு ஐடி, அதாவது சிஎஸ்எஸ் அதை அடையாளம் காண ஒரு பெயர், கொடுங்கள். இந்த இரட்டைக் குழு அவசியம். இங்க்ஸ்கேப் ஒரு குழுவில் ஏற்கெனவே டிரான்ஸ்ஃபார்ம் (நகர்த்து, சுழற்று, பெரிதாக்கு என்ற கட்டளை) எழுதியிருந்தால், நாம் எழுதும் சிஎஸ்எஸ் அதை அழித்துவிடும், படம் வேறு மூலைக்குத் தாவிவிடும். 'பிளெயின் எஸ்விஜி' என்று சேமியுங்கள்.

படி 4: பாலத்தை ஏற்றுவது

கோப்பை நோட்பேடில் திறந்து, தொடக்கத்தில் ஒரு ஸ்டைல் பகுதி சேருங்கள். கட்டளைகளை இங்கே ஒலிப்படி எழுதியிருக்கிறேன். தட்டச்சு ஆங்கில எழுத்தில்தான். கீஃப்ரேம்ஸ் (எந்தக் கட்டத்தில் எந்த நிலை என்ற பட்டியல்) ஒன்று எழுதி, 0 சதவீதத்தில் மேல்-கீழ் நகர்வைச் சொல்லும் டிரான்ஸ்லேட்-ஒய் 0, 40-இலும் 60-இலும் மைனஸ் 170 பிக்சல், 100-இல் மீண்டும் 0 என்று கொடுங்கள். எஸ்விஜியில் மேலே போவது மைனஸ். இதை நடுப்பகுதியின் ஐடியோடு இணையுங்கள். மொத்த நேரம் 12 நொடி, வேகத்துக்கு ஈஸ்-இன்-அவுட் (மெதுவாகத் தொடங்கி மெதுவாக முடிவது).

இனி படகு. புதிதாகச் செய்பவர்கள் அதை இடமிருந்து வலமாக ஓட்டுவார்கள். அப்படி ஓட்டினால் படகு தண்டவாளத்துக்கு இணையாகப் போகும்! பேருந்துப் பாலத்தில் நின்று பாருங்கள். ரயில் பாலத்தைக் குறுக்கே கடக்கும் படகு நம்மை நோக்கி வரும், அல்லது நம்மை விட்டு விலகும். ஆகவே படகுக்கு வேண்டியது அளவை மாற்றும் ஸ்கேல். 40 சதவீதம் வரை 0.2, 60-இல் 1.5. படகை மறைக்க ஒபாசிட்டி: 60 வரை 1, 65-இலும் 100-இலும் 0. டிரான்ஸ்ஃபார்ம்-பாக்ஸ் என்பதற்கு ஃபில்-பாக்ஸ் கொடுத்து, டிரான்ஸ்ஃபார்ம்-ஆரிஜினை சென்டர் ஆக்குங்கள். இல்லாவிட்டால் உலாவி பலகையின் இடது மேல் மூலையைப் பிடித்துக்கொண்டு படகை வளர்க்கும்.

படி 5: பழைய பாலம்

1914-இல் திறந்த பழைய பாலத்தின் ஷெர்சர் தூக்கு, அதாவது கப்பலுக்காகத் திறக்கும் நடுப்பகுதி, இரண்டு இறக்கைகளாகப் பிரிந்து உயர்ந்தது. தொழிலாளர்கள் கையால் இயக்கியது அது. இங்கே சுழற்றும் ரொட்டேட் வேண்டும். இடது இறக்கைக்கு ஆரிஜின் இடது கீழ் மூலை, கோணம் மைனஸில். வலது இறக்கைக்கு வலது கீழ் மூலை, கோணம் பிளஸில். உண்மையில் அந்த இறக்கைகள் உயரும்போதே சற்றுப் பின்னுக்கும் உருண்டன. ரொட்டேட் கைவந்த பிறகு சிறிய டிரான்ஸ்லேட்-எக்ஸ் சேர்த்துப் பாருங்கள், அசைவு சட்டென்று நிஜமாகிவிடும்.

படி 6: அசைவு ஒவ்வாதவர்களுக்கு

திரையில் எதுவும் ஆடினால் தலைசுற்றும் என்று போனில் அசைவைக் குறைத்து வைத்திருப்பவர்கள் உண்டு. பிரிஃபர்ஸ்-ரெட்யூஸ்ட்-மோஷன் என்ற மீடியா விதிக்குள் அனிமேஷனை 'நன்' (none, அதாவது இல்லை) ஆக்குங்கள். அப்படியே விட்டால் மூடிய பாலத்துக்கு முன் படகு முட்டி நிற்பது போல இருக்கும். அதே விதிக்குள் நடுப்பகுதிக்கு மைனஸ் 170 பிக்சலும் கொடுத்துவிடுங்கள். அவர்களுக்குத் திறந்த பாலமும் அதன் கீழே படகும் ஒரே படமாகக் கிடைக்கும்.