காப்பகத்துப் பூனைக்குட்டியின் முதல் இரண்டு வாரம்: தராசு, தும்மல், மூக்கடைப்பு

எங்கள் பூனைக்குட்டி மிளகு வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் தும்மினாள். ஐந்தாம் நாள் சாப்பாட்டுத் தட்டைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அன்று ராத்திரி போனும் கையுமாக உட்கார்ந்து நான் தேடியதெல்லாம் சென்னையில் ஒரு அடுக்குமாடி வீட்டுக்குப் பொருந்தும்படி ஒரே இடத்தில் கிடைக்கவில்லை. இப்போது அவள் நன்றாக இருக்கிறாள். அந்த இரண்டு வாரத்தில் கற்றுக்கொண்டதை வரிசையாக எழுதிவைக்கிறேன்.

இது 6 முதல் 12 வார வயதுள்ள, தானாகச் சாப்பிடத் தெரிந்த குட்டிகளுக்கு மட்டும். கண் திறக்காத, பால் குடிக்கும் குட்டி கிடைத்திருந்தால் அது தனிப் பாடம். இதைப் படித்துக்கொண்டிருக்காமல் டாக்டரிடம் போங்கள்.

படி 1: காப்பகத்தில் கேட்க வேண்டியது

குடற்புழு மருந்து எந்தத் தேதியில் கொடுத்தார்கள், தடுப்பூசி போட்டாயிற்றா, என்ன சாப்பாடு கொடுக்கிறார்கள், கூடவே இருக்கும் குட்டிகளில் எதற்காவது சமீபத்தில் கழிச்சலோ சளியோ வந்ததா. நான்கையும் ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். டாக்டர் முதலில் கேட்பது இதைத்தான்.

அட்டைப்பெட்டியில் துளை போட்டுத் தூக்கி வராதீர்கள். ஆட்டோ குலுக்கலில் குட்டி சிறுநீர் கழித்தால் அடிப்பாகம் ஊறிப் பிய்ந்துவிடும். மேல்பக்கமும் திறக்கிற பிளாஸ்டிக் கூண்டுதான் என் தேர்வு. மருத்துவமனையில் பயந்து மூலையில் ஒண்டும் குட்டியை முன்கதவு வழியாக இழுக்க வேண்டியிருக்காது. வெயில் காலத்தில் காலை 9 மணிக்கு முன்னாலோ சாயங்காலமோ கூட்டி வாருங்கள்.

படி 2: ஒரே ஒரு அறை

முதல் இரண்டு வாரம் வீடு முழுக்க விடாதீர்கள். வீட்டில் வேறு பூனை இருந்தால் தட்டு, துணி, மணல் தட்டு எல்லாமே தனித்தனியாக இருக்கட்டும். குட்டியைத் தொட்டபின் சோப்பு போட்டுக் கை கழுவுங்கள். ஏசி வேண்டாம். கொசுவர்த்திச் சுருளும் வேண்டாம், அந்தப் புகை தும்மலைக் கூட்டும். ஜன்னலுக்கு வலை அடியுங்கள். எங்கள் ஜன்னல் கம்பி இடைவெளியில் மிளகின் தலை தாராளமாக நுழைந்தது.

மணல் தட்டுக்குக் கட்டியாக உறையும் வகை மணலை வாங்காதீர்கள். சின்னக் குட்டிகள் அதைத் தின்று பார்க்கும், வயிற்றுக்குள் போய் உறைந்தால் அடைப்பு. நான் மரத்தூள் குச்சி வகையைப் பயன்படுத்துகிறேன். தூசி குறைவு, மூக்குக்கும் நல்லது.

தரையைப் பினாயில் போட்டுத் துடைக்கும் வழக்கத்தை அந்த அறையில் நிறுத்திவிடுங்கள். பினாயிலில் உள்ள பீனால் வகைப் பொருட்களை உடைத்து வெளியேற்றப் பூனையின் கல்லீரலால் சரியாக முடியாது. ஈரத்தரையில் நடந்துவிட்டுப் பாதத்தை நக்கும், அப்படியே உள்ளே போய்விடும். அலமாரியில் இருக்கும் அந்துருண்டையையும் எடுத்துவிடுங்கள்.

படி 3: தராசு

ஒரே ஒரு பொருள்தான் வாங்க முடியும் என்றால், பொம்மை வேண்டாம், மெத்தை வேண்டாம், 1 கிராம் வரை காட்டும் டிஜிட்டல் சமையலறைத் தராசு வாங்குங்கள். ஆள் ஏறி நிற்கிற எடை மெஷின் இதற்கு உதவாது, பெரும்பாலும் 100 கிராம் கணக்கில்தான் காட்டும். மேலே ஒரு டப்பாவை வைத்து எடையைப் பூஜ்யமாக்கிவிட்டுக் குட்டியை உட்கார வையுங்கள். தினமும் ஒரே நேரம், காலைச் சாப்பாட்டுக்கு முன்னால். காலண்டரில் எழுதிவிடுங்கள்.

இந்த வயதில் ஒரு நாளைக்குச் சுமார் 10 முதல் 15 கிராம் கூட வேண்டும். ஒரு நாள் கூடாமல் நின்றால் கவனியுங்கள். இரண்டு நாள் தொடர்ந்து குறைந்தால் டாக்டர். மிளகின் கணக்கு இது: முதல் நாள் 620, அடுத்து 632, மூன்றாம் நாள் 634, நான்காம் நாள் 618, ஐந்தாம் நாள் 596.

மூன்றாம் நாள் அவள் விளையாடிக்கொண்டுதான் இருந்தாள், தும்மலும் ஒன்றிரண்டுதான். தராசில் எடை ஏறுவது மட்டும் அன்றைக்கே ஏறக்குறைய நின்றுவிட்டது. என் கண்ணுக்கு ஏதோ சரியில்லை என்று பட்டது ஐந்தாம் நாள்தான்.

படி 4: தும்மலும் மூக்கடைப்பும் (நான் தடுக்கி விழுந்த இடம்)

முதலில் ஒன்று. வீட்டுக்கு வந்தபின் சளி பிடித்தால் காப்பகத்தில் நோயாளிக் குட்டியைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்று நினைக்காதீர்கள். பூனைச் சளிக்குப் பெரும்பாலும் காரணம் ஹெர்பஸ், கேலிசி என்ற இரண்டு வைரஸ்கள். நிறையப் பூனைகள் இருக்கும் இடத்தில் இவை சுற்றிக்கொண்டே இருக்கும். தொற்றிய சில நாள் கழித்துத்தான் அறிகுறி தெரியும். ஹெர்பஸ் உடம்புக்குள்ளேயே பதுங்கி இருந்து, இடம் மாறிய பயத்தில் மறுபடி தலைகாட்டும். அங்கே நன்றாக இருந்த குட்டி இங்கே வந்து தும்முவது மிகச் சாதாரணம்.

நான் செய்த தவறு, தும்மலையே பார்த்துக்கொண்டிருந்ததுதான். தும்மல் குறைந்தது, சரியாகிக்கொண்டிருக்கிறது என்று நினைத்தேன். உண்மையில் மூக்கு முழுக்க அடைத்துக்கொண்டதால்தான் தும்மல் நின்றிருந்தது. பூனை வாசனையை வைத்துத்தான் சாப்பாட்டை அடையாளம் காணும். வாசனை தெரியவில்லை என்றால் எதிரே தட்டு நிறைய இருந்தாலும் அதற்குச் சாப்பாடாகவே தோன்றாது. இந்த வயதுக் குட்டிக்குச் சேமிப்பு என்று உடம்பில் எதுவும் இல்லை. அரை நாள் சாப்பிடாவிட்டாலே சோர்ந்துவிடும், ரத்தத்தில் சர்க்கரை இறங்கும்.

டாக்டர் சொல்லிக்கொடுத்து நான் செய்தவை:

பஞ்சை வெதுவெதுப்பான நீரில் நனைத்து மூக்கில் காய்ந்திருக்கும் சளியையும் கண்ணில் கட்டிய பீளையையும் ஊறவைத்துத் துடைத்தேன். கண்ணுக்குக் கண் பஞ்சு மாற்ற வேண்டும். பிறகு குளியலறைக் கதவைச் சாத்தி, வெந்நீரைத் திறந்துவிட்டு, ஆவி நிறைந்ததும் அவளை மடியில் வைத்து 10 நிமிடம் உட்கார்ந்தேன். ஒரு நாளைக்கு மூன்று முறை. ஆவி போதும், வெந்நீர் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள்.

அப்போது அம்மா, "ரெண்டு சொட்டுத் தைலம் விட்டா மூக்கு சட்டுனு திறந்துக்கும்டி" என்றார். நமக்கெல்லாம் அப்படிச் செய்து வளர்த்தவர் அவர். ஆனால் பூனைக்கு யூகலிப்டஸ் தைலமும் கற்பூரமும் மெந்தாலும் விஷம். வெறும் ஆவி மட்டும்.

ஆவி பிடித்து மூக்கு கொஞ்சம் திறந்த உடனேயே சாப்பாடு. உப்பும் வெங்காயமும் போடாமல் வேகவைத்த கோழியை நாராகப் பிய்த்து, அந்த வெந்த தண்ணீரிலேயே குழைத்துக் கொடுத்தேன். உள்ளங்கையில் வைத்தால் சூடும் தெரியக்கூடாது, குளிர்ச்சியும் தெரியக்கூடாது. பூனையின் உடம்புச் சூடு 38 டிகிரி செல்சியஸை ஒட்டி, சற்றே மேலே இருக்கும், சாப்பாடும் ஏறக்குறைய அந்தச் சூட்டில் இருக்கட்டும். குளிர்பெட்டியிலிருந்து எடுத்து அப்படியே வைத்தால் வாசனையே எழாது. கோழியை மிளகு முகர்ந்துவிட்டு விலகினாள். வேகவைத்து முள் எடுத்த மத்தி மீனைக் கொஞ்சம் கலந்தேன். அப்போதுதான் நக்க ஆரம்பித்தாள்.

நக்கவே இல்லை என்றால் ஊசி இல்லாத சிரிஞ்சில் ஊட்டலாம். ஆனால் எப்படி என்று டாக்டரிடம் ஒருமுறை நேரில் பார்த்துக்கொள்ளுங்கள். குழந்தையைப் போல மல்லாக்கப் போட்டு ஊட்டவே கூடாது, நுரையீரலுக்குப் போய்விடும். நான்கு காலும் கீழே ஊன்றியபடி, வாயின் ஓரத்தில், ஒரு தடவைக்கு அரை மில்லி. விழுங்கிய பிறகுதான் அடுத்தது.

வைரஸுக்கு ஆன்டிபயாடிக் எதற்கு என்று நானும் கேட்டேன். பச்சைச் சளி வந்தால் பாக்டீரியாவும் சேர்ந்திருக்கும் என்றார் டாக்டர். எங்களுக்கு எழுதியது டாக்சிசைக்ளின் சிரப். மாத்திரையாகக் கிடைத்தால் வெறுமனே போட்டுவிடாதீர்கள். அது உணவுக்குழாயில் ஒட்டி அங்கேயே புண்ணாக்கிவிடும். கொடுத்த கையோடு தண்ணீரோ சாப்பாடோ உள்ளே போக வேண்டும்.

வீட்டில் மிச்சமிருக்கும் மனிதர்களின் கண் சொட்டு மருந்தைப் போடாதீர்கள். ஸ்டீராய்டு கலந்ததாக இருந்தால், ஹெர்பஸால் விழியில் புண் ஏற்கனவே இருக்கும் பட்சத்தில் பார்வையே போய்விடலாம். இன்னொன்றை அழுத்திச் சொல்கிறேன்: உடம்பு சுடுகிறதென்று பாராசிட்டமால் கொடுக்காதீர்கள். கால் மாத்திரைகூடக் குட்டியைக் கொன்றுவிடும். குழந்தைகளுக்கான சிரப்பும் அதே மருந்துதான்.

ஆறாம் நாள் 601. ஏழாம் நாள் 609. இரண்டாவது வார முடிவில் 688.

எப்போது காத்திருக்கவே கூடாது

வாந்தியும் கழிச்சலும் சேர்ந்து வந்து குட்டி சுருண்டு படுத்தால், அது பூனைகளுக்கு வரும் பார்வோ வகை வைரஸாக இருக்கலாம். விடியட்டும் என்று இருக்காதீர்கள். ஈறு வெளிறிப்போனாலும், வாயைத் திறந்து மூச்சு வாங்கினாலும், உடம்பு சில்லிட்டாலும் அப்படித்தான். ராத்திரியில் பார்க்கும் மருத்துவமனை எது என்பதைக் குட்டி வருவதற்கு முன்பே போன் செய்து கேட்டு எழுதிவையுங்கள். சென்னையில் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையையும் உங்கள் பகுதியில் ஒரு தனியார் டாக்டரையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

படி 5: புழுவும் தெள்ளும்

வயிறு மட்டும் உப்பி முதுகெலும்பு கையில் தட்டுப்பட்டால் பெரும்பாலும் புழுதான். பைரன்டெல் மருந்தை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கொடுக்கச் சொன்னார்கள். அளவு எடையைப் பொறுத்தது, அதற்கும் தராசுதான். மருந்துக்கு மறுநாள் மலத்தில் சேமியா போல வந்தால் பயப்படாதீர்கள், மருந்து வேலை செய்திருக்கிறது. ஆசனவாயைச் சுற்றி எள் போல ஒட்டியிருந்தால் அது நாடாப்புழு. பைரன்டெலுக்குப் போகாது, வேறு மருந்து வேண்டும். அது தெள்ளுப்பூச்சி வழியாக வருவது, ஆகவே தெள்ளையும் ஒழிக்க வேண்டும்.

தெள்ளுக்கு என் முதல் ஆயுதம் உலோகப் பல் கொண்ட நெருக்கமான சீப்பும் சோப்புத் தண்ணீர்க் கிண்ணமும். நாய்க்குக் கழுத்தில் விடும் மருந்தைப் பூனைக்கு விடாதீர்கள். பலவற்றில் இருக்கும் பெர்மெத்ரின் பூனைக்கு வலிப்பு வரவைத்துக் கொல்லும். மருந்துக் கடைக்காரர் "ரெண்டுக்கும் ஒண்ணுதாங்க" என்று சொன்னாலும் பெட்டியில் பூனைப் படமும் குட்டியின் வயதும் போட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

படி 6: தடுப்பூசி

6 முதல் 8 வாரத்தில் தொடங்கி, 3 அல்லது 4 வார இடைவெளியில், 16 வாரம் ஆகும்வரை. தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி தடுப்பூசியை வேலை செய்யவிடாமல் தடுக்கும், அது எப்போது தீரும் என்று ஒவ்வொரு குட்டிக்கும் சொல்ல முடியாது. அதனால்தான் பல தவணை. வெறிநாய்க்கடி தடுப்பூசி 12 வாரத்துக்கு மேல். சளி இருக்கும்போது தள்ளிப்போடச் சொன்னார்கள், மிளகுக்கு மூன்று வாரம் தள்ளியது.

பிறகு சேர்த்தது

ஒருவர், கழிச்சல் நிற்கவே இல்லை, புழு மருந்தும் கொடுத்தாயிற்று என்று எழுதியிருந்தார். விசாரித்ததில் தினமும் பசும்பால் வைக்கிறார். பாலை நிறுத்தியதும் நின்றுவிட்டது. இன்னொருவர் சைவ வீடு, தயிர்சாதம் மட்டும் போதுமா என்று கேட்டார். போதாது. இறைச்சியில் கிடைக்கும் டாரின் என்ற சத்து இல்லாவிட்டால் பூனைக்கு இதயமும் கண்ணும் கெடும். சமைக்க முடியாதென்றால் குட்டிகளுக்கான கடை உணவு வாங்குங்கள், அதில் டாரின் சேர்த்திருப்பார்கள்.

மறுபடியும் சேர்த்தது

முன்பு வளர்த்த குட்டி வாந்தி கழிச்சலில் இறந்துபோன வீட்டுக்கு இன்னொன்றை எப்போது கொண்டுவரலாம் என்று ஒருவர் கேட்டிருந்தார். அந்த பார்வோ வகை வைரஸ் ஒரு வருடம்வரைகூட வீட்டில் உயிரோடு இருக்கும், பினாயிலுக்குச் சாகாது. முதலில் சோப்பால் கழுவி, பிறகு 32 பங்கு தண்ணீருக்கு 1 பங்கு பிளீச் கலந்து 10 நிமிடம் ஊறவிட்டு, நன்றாக அலசிக் காயவிட வேண்டும். மெத்தை, துணிக்கூடை போன்றவற்றைத் தூக்கிப்போட்டுவிடுங்கள். அதன்பிறகும் தடுப்பூசித் தவணைகளை முடித்த பூனையை மட்டும் கூட்டி வாருங்கள்.

இன்னும் ஒன்று

குட்டியின் காதோரம் வட்டமாக முடி கொட்டியது, பிறகு மகளின் கையில் வளையமாகத் தடித்தது என்று ஒரு அம்மா எழுதினார். அது படர்தாமரை, பூனையிலிருந்து நமக்குத் தொற்றும். குட்டியை டாக்டரிடமும் குழந்தையைத் தோல் மருத்துவரிடமும் ஒரே வாரத்தில் காட்டுங்கள். குட்டி கீறினாலோ கடித்தாலோ ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சின்னக் குட்டிதானே என்று விடாதீர்கள், வெறிநாய்க்கடி தடுப்பூசி போடும் வயதே அதற்கு இன்னும் ஆகவில்லை.

மிளகு இந்த வாரம் 1,940 கிராம். கருத்தடைக்கு நாள் குறித்திருக்கிறோம்.